கடைசி வரியில் இருந்த பெயர்: பட்டியல்களைக் கணினி எப்படி வாசிக்கிறது?

காணாமலாக்கப்பட்ட ஒருவரின் பெயரை அவரது குடும்பம் எத்தனை இடங்களில் எழுதிக் கொடுத்திருக்கும்? பொலிஸ் நிலையம், மனித உரிமைகள் ஆணைக்குழு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு. பிறகு 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் வந்த பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். இவற்றுக்கு அப்பால் உறவினர் சங்கங்களும் ஊர் அமைப்புகளும் தாங்களே தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்கள். ஒரே மகனுக்கு ஏழெட்டுப் பதிவுகள் இருப்பது எங்கள் பகுதிகளில் புதுமையான விடயம் அல்ல.

இந்தப் பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் வேலை பெரும்பாலும் கணினி தெரிந்த ஓர் இளைஞரிடமோ யுவதியிடமோ போய்ச் சேர்கிறது. பத்துப் பன்னிரண்டு கோப்புகள் இருக்கும். சில எக்செல், சில வேர்ட், சில வெறும் எழுத்துக் கோப்புகள். யாரோ 2011இல் தட்டெழுதியது, யாரோ 2019இல் திருத்தியது. ஒரே இரவில் சேர்த்துத் தரச் சொல்வார்கள். அவரும் பைதன், பேர்ள் போன்ற ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் பத்து வரி எழுதிச் சேர்த்துக் கொடுப்பார். பட்டியல் அழகாக வந்துவிடும். ஆனால் அதில் சிலர் இல்லாமல் போயிருக்கலாம். கணினி ஒரு எச்சரிக்கையும் தந்திருக்காது.

இதை ஏன் பெரிதாக எடுக்க வேண்டும் என்றால், இந்தப் பட்டியல்கள் வெறும் நினைவுக்காக மட்டும் இருப்பவை அல்ல. 2018 டிசம்பரில் மனித உரிமைகள் தரவு ஆய்வுக் குழுவும் சர்வதேச உண்மை மற்றும் நீதிக்கான செயற்றிட்டமும் வெளியிட்ட ஓர் ஆய்வு, 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமலாக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என மதிப்பிட்டது. வெவ்வேறு பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தி, எத்தனை பேர் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களில் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து எந்தப் பட்டியலிலும் வராதவர்களையும் கணக்கிடும் முறை அது. ஒரே ஆளை இரண்டு ஆட்களாக எண்ணினால் மதிப்பீடு கூடும். இரண்டு ஆட்களை ஒருவராக்கினால் குறையும். இரண்டில் எது நடந்தாலும், “உங்கள் பட்டியலே பிழை” என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு அது போதும்.

எனவே ஒரு நிரல் கோப்பிலிருந்து வரிகளை எப்படி வாசிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கணினியைப் பொறுத்தவரை கோப்பு என்பது ஒரு நீண்ட நாடா. அதில் எண்கள் வரிசையாக இருக்கின்றன. “வரி” என்று தனியாக ஒன்று அதில் இல்லை. 10 என்ற எண் வரும் இடத்தில் வரி முடிகிறது என்று ஓர் உடன்பாடு, அவ்வளவுதான். நீங்கள் என்டர் விசையை அழுத்தும்போது அந்த எண் கோப்பினுள் போகிறது. லினக்ஸில் 10 மட்டும். விண்டோசில் 13, 10 என்று இரண்டு எண்கள். பழைய தட்டச்சுப் பொறியில் வண்டியை வலப்பக்கம் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே உருட்டுவது இன்னொரு வேலை. அந்த இரண்டும்தான் இந்த இரண்டு எண்கள்.

வரி வரியாக வாசிக்கும் நிரலின் எலும்புக்கூடு எந்த மொழியிலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

கோப்பைத் திற
கோப்பிலுள்ள ஒவ்வொரு வரிக்கும்:
  வரியின் முடிவுக் குறியை நீக்கு
  மிஞ்சியதைக் கொண்டு வேலையைச் செய்
கோப்பை மூடு

இதில் மூன்றாவது அடியைத்தான் எல்லோரும் அலட்சியமாகக் கடந்து போகிறார்கள்.

ஒரு கோப்பின் கடைசி வரியை எடுத்துக்கொள்வோம். தட்டெழுதியவர் கடைசிப் பெயரை எழுதிவிட்டு என்டர் அழுத்தாமலே சேமித்திருப்பார். அழுத்த வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த வரியின் முடிவில் 10 இல்லை. யுனிக்ஸ் மரபின்படி 10இல் முடியாதது முழு வரியே அல்ல. வரிகளை எண்ணித்தரும் ‘டபிள்யூசி’ என்ற கட்டளை உண்மையில் எண்ணுவது 10 என்ற குறிகளைத்தான். நூறு பெயர் இருக்கும் கோப்புக்கு அது 99 என்று சொல்லும். லினக்ஸின் ஷெல் மொழியில் “வரி கிடைக்கும்வரை வாசி” என்று வழமையான முறையில் ஒரு சுற்று எழுதினால், அது அந்தக் கடைசிப் பெயரை எடுக்கும். ஆனால் எடுத்த கையோடு “கோப்பு முடிந்தது” என்று சொல்லிச் சுற்றைவிட்டு வெளியேறிவிடும். நூறாவது ஆள் விடுபட்டுப்போவார். அதோடு எண்ணிக்கையும் 99 என்றே காட்டுவதால், சரிபார்க்கிறவருக்கும் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். இரண்டு குறைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் இந்த இடம்தான் மிகவும் ஆபத்தானது.

இரண்டு கோப்புகளை ‘கேட்’ கட்டளையால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் இன்னொரு விபத்து நடக்கும். முதற்கோப்பின் கடைசிப் பெயரும் அடுத்த கோப்பின் முதற்பெயரும் இடையில் முடிவுக்குறி இல்லாமல் ஒரே வரியாகிவிடும். முல்லைத்தீவுப் பட்டியலின் கடைசி ஆளும் மன்னார்ப் பட்டியலின் முதல் ஆளும் சேர்ந்து, உலகில் இல்லாத ஒருவர் உருவாகிவிடுவார்.

பைதனின் சுற்று இந்த விடயத்தில் ஒழுங்கானது. முடிவுக்குறி இல்லாவிட்டாலும் கடைசி வரியைக் கொடுத்துவிடும். ஆனால் அங்கேயும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முடிவுக்குறியை நீக்குவதற்கு “கடைசி எழுத்தை வெட்டு” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா வரிகளிலும் கடைசி எழுத்து முடிவுக்குறிதானே என்ற எண்ணம். கடைசி வரியில் அது இல்லையே. அங்கே வெட்டுப்படுவது பெயரின் கடைசிக் குறி. யுனிக்கோட்டில் மெய்யெழுத்தின் புள்ளி தனிக் குறியாகவே இருக்கிறது. எனவே ‘ஆனந்தன்’ என்பவர் ‘ஆனந்தன’ ஆகிவிடுவார். பேர்ள் மொழியில் இதற்காகவே ‘சொப்’, ‘சொம்ப்’ என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. முன்னது எது இருந்தாலும் கடைசி எழுத்தை வெட்டும். பின்னது வரிமுடிவு இருந்தால் மட்டுமே வெட்டும். எப்போதும் பின்னதைத்தான் பாவிக்க வேண்டும். பைதனில் இந்த வேலையை ‘ஆர்ஸ்ட்ரிப்’ செய்யும்.

கடைசி வரிக்கு ஒரு பிரச்சினை என்றால் முதல் வரிக்கு இன்னொன்று. விண்டோசின் நோட்பேட், எக்செல் போன்றவை யூடிஎஃப்-8 கோப்பைச் சேமிக்கும்போது சில தெரிவுகளில் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியை வைக்கும். திரையில் ஒன்றும் தெரியாது. நிரலுக்கோ முதற்பெயரின் முதல் எழுத்து அதுதான். மற்றப் பட்டியலில் அதே பெயர் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு என்று சொல்லும். பைதனில் கோப்பைத் திறக்கும்போது குறிமுறையை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் அந்தக் குறி இருந்தால் நீக்கிவிடும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும்.

நடுவில் இருக்கும் வரிகளும் தப்புவதில்லை. விண்டோசில் சேமித்த கோப்பை லினக்ஸில் ஷெல் மூலமோ பேர்ள் மூலமோ வாசித்தால், 10 நீங்கும், 13 பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயரையும் ஊரையும் அடுத்தடுத்துத் திரையில் அச்சிடச் சொன்னால், ஊர் வந்து பெயரின் மேலே ஏறி உட்காரும். 13 என்பது “வரியின் தொடக்கத்துக்குப் போ” என்ற கட்டளை என்பதால்தான் இந்தக் கூத்து. பைதன் எழுத்துக் கோப்பாகத் திறக்கும்போது இரண்டு வகை முடிவுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. இதற்காகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பைதனைச் சொல்லலாம்.

ஆனால் விண்டோசில் இருக்கும் பைதனுக்கு ஒரு குணம் இருக்கிறது. பரவலாகப் பாவனையில் உள்ள பதிப்புகளில், குறிமுறை எது என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது விண்டோசின் பழைய மேற்கத்தேயக் குறிமுறையில் கோப்பைத் திறக்கப் பார்க்கும். தமிழ்க் கோப்பில் முதலாவது புள்ளி வைத்த எழுத்து வந்ததும் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். ஏனென்றால் யூடிஎஃப்-8இல் தமிழ்ப் புள்ளியைக் குறிக்கும் எண்களில் ஒன்று அந்தப் பழைய அட்டவணையில் வெற்றிடம். நிற்பது நல்லது. பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. இணையத்தில் தேடினால் “பிழைகளைப் புறக்கணி என்று ஒரு சொல் சேர்த்துவிடு, ஓடும்” என்ற ஆலோசனை கிடைக்கும். ஓடத்தான் செய்யும். வாசிக்க முடியாத இடங்களைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடும். பெயர்ப் பட்டியலில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. குறிமுறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதன் பிறகும் பிழை வந்தால், எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று எழுதிக்கொண்டு கண்ணால் பாருங்கள்.

அடுத்தது பாமினி. வடக்குக் கிழக்கில் ஒரு தலைமுறையே தட்டெழுதப் பழகிய எழுத்துரு அது. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளின் பட்டியல்கள் பலவும் அதில்தான் இருக்கும். பாமினிக் கோப்பில் தமிழே இல்லை. இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவதுதான் எழுத்துருவின் வேலை. ‘அம்மா’ என்ற சொல் கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருக்கும். வரி வரியாக வாசிக்கும் நிரலுக்கு முகமூடி தெரியாது, உள்ளே இருப்பதுதான் தெரியும்.

இதனால் என்ன நடக்கும்? பாமினியில் ‘இ’ என்ற எழுத்துக்கு உரியது காற்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரியது அரைப்புள்ளி. பெயர், ஊர், திகதி என்று காற்புள்ளியால் பிரித்த ஒரு பட்டியலை “காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டு” என்று எழுதிய நிரலிடம் கொடுத்தால், இராசேந்திரம், இந்திராணி, இரத்தினம் என்று இகரத்தில் தொடங்கும் அத்தனை பெயர்களும் தலை இழக்கும். பெயர் இருக்க வேண்டிய நிரலில் வெற்றிடம், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பாதிப் பெயர். எங்கள் ஊர்ப் பெயர்களில் எத்தனை இகரத்தில் தொடங்குகின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெயர்களை ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குவது நிரல் எழுதுகிறவர்களின் வழமை. ஆங்கிலத்துக்கு அது நல்ல பழக்கம். பாமினியில் சிறிய எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. சிறிதாக்கியதும் ஆனந்தன் அனந்தன் ஆகிவிடுவார். இரண்டும் மனிதர்கள் வைத்துக்கொள்ளும் பெயர்கள்தான். எனவே பார்ப்பவருக்குப் பிழை என்றே தோன்றாது.

ஆகவே பாமினிக் கோப்பு என்றால், வெட்டுவதற்கும் ஒப்பிடுவதற்கும் முன்னர் யுனிக்கோட்டுக்கு மாற்ற வேண்டும். அப்போதும் காற்புள்ளியால் பிரித்த கோப்பை அப்படியே மாற்றினால், பிரிக்கும் காற்புள்ளியும் ‘இ’ ஆகிவிடும். முதலில் எக்செல்லில் திறந்து, தாப் குறியால் பிரித்துச் சேமித்துவிட்டு மாற்றுவது பாதுகாப்பானது. எக்செல்லில் திறக்கும்போதே எண்கள் உள்ள நிரல்களை ‘எழுத்து’ வகையாக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும், 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண் தசமப் புள்ளியோடு சுருங்கிவிடும்.

யுனிக்கோட்டுக்கு வந்த பிறகும் ஒரே பெயர் இரண்டு உருவில் இருக்கக்கூடும். ‘கொ’ என்ற எழுத்தில் வரும் கொம்பும் அரவும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. இதைச் சீராக்கும் வசதி பைதனோடு கூடவே வருகிறது. ‘யூனிகோட்டேட்டா’ என்ற தொகுதியில் ‘நார்மலைஸ்’ என்று இருக்கும். வரியை வாசித்ததும் அதன் வழியாக ஒருமுறை அனுப்பிவிட வேண்டும். ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்காது. ‘சௌந்தரி’ என்பதைச் சிலர் ஔகாரக் குறியோடு எழுதியிருப்பார்கள், சிலர் ‘செ’ எழுதிப் பக்கத்தில் ‘ள’ போட்டிருப்பார்கள். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் அப்படியே. முதலில் ‘ஸ’வை அடிப்படையாகக் கொண்டு அதை எழுதினார்கள். 2005இல் யுனிக்கோட்டில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பிறகு அதைக் கொண்டு எழுதும் முறையும் வந்தது. திரையில் இரண்டும் ஒரே எழுத்தாகத்தான் தெரியும். ஸ்ரீகாந்தன் இரண்டு பட்டியல்களில் இருந்தால் அவர் இரண்டு பேராக எண்ணப்படலாம். இவற்றுக்கு உங்கள் நிரலில் நீங்களே ஒரு மாற்றுவிதி எழுத வேண்டும்.

இவ்வளவு வேலையையும் ஒரே பெரிய நிரலில் அடைக்க வேண்டியதில்லை. இங்கேதான் நியம உள்ளீடு என்ற ஏற்பாடு உதவுகிறது. யுனிக்ஸ் மரபில் ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று வாய்க்கால்கள். ஒன்றால் உள்ளே வரும், ஒன்றால் வெளியே போகும், மூன்றாவது பிழைச்செய்திகளுக்கு. நியம உள்ளீட்டிலிருந்து வாசி என்று எழுதிய நிரலுக்கு, வருவது விசைப்பலகையிலிருந்தா, கோப்பிலிருந்தா, வேறொரு நிரலிலிருந்தா என்பது தெரியத் தேவையில்லை. 1973இல் கென் தொம்சன் யுனிக்ஸில் சேர்த்த ‘பைப்’ என்ற வசதி ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீட்டில் கொண்டுபோய் விடுகிறது. வயலுக்கு வாய்க்கால் வெட்டி மடைகளை இணைப்பது போலத்தான். முதல் நிரல் எழுத்துகளைச் சீராக்கும், அடுத்தது வெற்று வரிகளை நீக்கும், அடுத்தது வரிசைப்படுத்தும். எங்கேயாவது சந்தேகம் வந்தால் அந்த மடையில் நிறுத்தி என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம்.

பேர்ள் மொழியில் சிறிய கோண அடைப்புகள் இரண்டைச் சேர்த்து வைர வடிவில் எழுதும் ஒரு குறி உண்டு. கோப்புப் பெயர்கள் கொடுத்திருந்தால் அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்கும், கொடுக்காவிட்டால் நியம உள்ளீட்டை வாசிக்கும். பைதனில் இதே வேலைக்கு ‘ஃபைல்இன்புட்’ என்ற தொகுதி இருக்கிறது. இப்போது வாசிப்பது எந்தக் கோப்பு, அதில் எத்தனையாவது வரி என்பதையும் அது சொல்லும். பட்டியல் வேலைக்கு இந்த வசதி பொன் போன்றது. சேர்த்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூலக்கோப்பின் பெயரையும் வரி இலக்கத்தையும் எழுதி வைத்துவிட்டால், ஐந்து வருடம் கழித்து ஒரு தாய் வந்து “என்ர பிள்ளையின் வயதை ஆர் மாத்தினது?” என்று கேட்டால் பதில் சொல்ல முடியும்.

(ஒரு சிறு குறிப்பு: கோப்பு எதுவும் கொடுக்காமல் இப்படிப்பட்ட நிரலை ஓட்டினால் திரை அசையாமல் நிற்கும். பழுதாகிவிட்டது என்று பலர் மூடிவிடுகிறார்கள். அது நீங்கள் தட்டெழுதுவதற்காகக் காத்திருக்கிறது. லினக்ஸில் கொன்ட்ரோல்-டி, விண்டோசில் கொன்ட்ரோல்-இசட்டும் என்டரும் அழுத்தினால் “முடிந்தது” என்று விளங்கிக்கொள்ளும்.)

மூன்றாவது வாய்க்காலையும் வீணாக்க வேண்டாம். நிரலுக்கு விளங்காத வரிகளை, அதாவது நிரல்கள் குறைந்தவை, பெயரே இல்லாதவை, திகதி பொருந்தாதவை ஆகியவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகவிடாமல், பிழை வாய்க்காலுக்கு அனுப்பித் தனிக் கோப்பில் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பை ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கடைசியில் கணக்கு நேராக வர வேண்டும். உள்ளே வந்த வரிகள் இத்தனை, பட்டியலில் சேர்ந்தவை இத்தனை, ஒதுக்கியவை இத்தனை, வெற்று வரிகள் இத்தனை. பின்னைய மூன்றும் கூடி முதலாவதற்குச் சமமாக வராவிட்டால் அந்தப் பட்டியலை யாருக்கும் கொடுக்கக்கூடாது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1990 முதல் பதிவுசெய்த காணாமற்போனோர் 16,000இற்கும் மேல். அந்த அளவில் ஒன்றிரண்டு குறைந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அந்த ஒன்றிரண்டு பேரின் வீடுகளில் கவனிப்பார்கள்.

ஒரே மாதிரிப் பெயர்களைத் தானாகவே ஒன்றாக்கும் அதிகாரத்தை நிரலுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேரனுக்குப் பாட்டனின் பெயர், ஒரே ஊரில் ஒரே முதலெழுத்தோடு இரண்டு சிவகுமார்கள், இவையெல்லாம் எங்களிடம் சாதாரணம். நிரல் சந்தேகத்துக்குரிய சோடிகளைக் காட்டட்டும். இருவரும் ஒருவரா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தக் குடும்பத்தைத் தெரிந்த ஒருவர், அல்லது குடும்பமே.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பாமினியை யுனிக்கோட்டாக்க இணையத்தில் இலவசத் தளங்கள் இருக்கின்றன. பெட்டியில் ஒட்டினால் மறுகணமே மாற்றித் தருபவை. ஒரு கவிதையை மாற்ற அவை போதும். எந்த முகாமில் யாரிடம் கையளிக்கப்பட்டார், கண்டவர் யார், அவரது தொலைபேசி இலக்கம் என்ன என்று எழுதிய பட்டியலை அப்படி ஒட்டுவது வேறு விடயம். ஒட்டிய எழுத்துகள் எங்கே போகின்றன, எங்கே சேமிக்கப்படுகின்றன என்பது உங்கள் கையில் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் சேவைகளிடம் “இதைச் சுத்தப்படுத்தித் தா” என்று முழுப் பட்டியலையும் கொடுப்பதும் அப்படித்தான். மேலே சொன்ன வேலைகள் எதற்கும் இணைய இணைப்பு தேவையில்லை. பைதனும், பாமினியை மாற்றும் வசதியுள்ள ‘ஓப்பன்-தமிழ்’ என்ற இலவசத் தொகுதியும் ஒருமுறை நிறுவப்பட்ட பிறகு, வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு பழைய மடிக்கணினியிலேயே எல்லாவற்றையும் செய்யலாம். நிரலில் உதவி தேவையென்றால் கற்பனைப் பெயர்கள் போட்ட ஐந்து வரிக் கோப்பொன்றைச் செய்து அதை மட்டும் காட்டுங்கள்.

அந்த ஐந்து வரிக் கோப்பு வேறொன்றுக்கும் உதவும். இகரத்தில் தொடங்கும் ஒரு பெயர், ஒரு ஸ்ரீ, ஒரு சௌ, நடுவில் ஒரு வெற்று வரி, கடைசியில் என்டர் அழுத்தாமல் விட்ட ஒரு பெயர். உண்மையான பட்டியலைத் தொடுமுன் உங்கள் நிரலை இதில் ஓட்டிப் பாருங்கள். நான்கு பெயர்களும் முழுதாக வெளியே வந்து, வெற்று வரி ஒன்று எனக் கணக்குக் காட்டினால் வேலையைத் தொடங்கலாம். மூலக்கோப்புகளை மட்டும் திறந்து திருத்த வேண்டாம். அவை வந்தபடியே, யாரிடமிருந்து எந்தத் திகதியில் வந்தன என்ற குறிப்போடு, தனியாக ஒரு பென்ட்ரைவில் இருக்கட்டும்.